வீடியோ தொழிலுக்கு உபகரணம்: கமராவுக்கு முன் வாங்க வேண்டியவை

"வாப்பா, ஒரு இருபது இலட்சம் போட்டால் நல்லதொரு வீடியோ ஸ்டூடியோ தொடங்கலாம்" என்று சொல்லி மகன் ஒரு பட்டியலை நீட்டுகின்றான். புடவைக் கடையோ இரும்புக் கடையோ நடத்தும் தந்தைக்கு அதிலுள்ள பெயர்கள் புரிவதில்லை, விலைகள் மட்டுமே புரிகின்றன. முதல் வரியில் ஒரு கமரா. மொத்தத் தொகையில் அரைவாசிக்கு மேல் அதற்கே போய்விடுகின்றது. அடுத்து விலையுயர்ந்த ஒரு லென்ஸ், அதற்கடுத்து ஒரு ட்ரோன். மைக் கடைசி வரியில் இருக்கின்றது, அதுவும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற குறிப்புடன்.

தொழிலில் குறை சொல்வதற்கில்லை. ஒரு காலத்தில் திருமண வைபவங்களோடு நின்றுவிட்ட வீடியோ வேலை இன்று கடை விளம்பரம், ஹோட்டல் விளம்பரம், டியூஷன் வகுப்புப் பதிவு, பாடசாலை விழா, மத்ரஸா பட்டமளிப்பு, காணி விற்பனை என்று பரந்துவிட்டது. எமது இளைஞர்களிடம் ஆர்வமும் திறமையும் இருக்கின்றன. ஆனால் கடனுக்குக் கமரா வாங்கி இரண்டு வருடத்தில் பாதி விலைக்கு விற்றுவிட்டு வெளிநாடு போனவர்களும் அநேகமாக எல்லா ஊர்களிலும் இருக்கின்றார்கள். இவர்களில் பலருக்கு வேலை கிடைக்காமல் போகவில்லை. கையிலிருந்த முதலைத் தவறான வரிசையில் போட்டதுதான் அவர்களை வீழ்த்தியது. பணம் கொடுக்கும் வாப்பாவும் காக்காவும் அந்த வரிசையை அறிந்திருப்பது நல்லது.

காய்கறியும் இரும்பும்

வியாபாரிக்குப் புரியும்படி சொல்வதானால், கமரா காய்கறி போன்றது. லென்ஸ், ட்ரைபொட், லைட், மைக் என்பன இரும்புச் சாமான் போன்றவை. காய்கறியை வாங்கிய அன்றே விற்கப் பார்க்க வேண்டும். இரும்பு இறாக்கையில் இருந்தாலும் கெட்டுப்போகாது.

இத்தொழிலின் வரலாறும் இதையே காட்டுகின்றது. தோளில் தூக்கிய வீஎச்எஸ் கமராக்கள் போய், 60 நிமிடம் ஓடும் மினிடிவி கசெட் வந்தது. 2000 ஆம் ஆண்டில் சோனியின் பிடி150, 2002 இல் பெனசொனிக்கின் டிவிஎக்ஸ்100 என்பன அக்காலத்து வீடியோக்காரர்களின் கனவுக் கமராக்களாக இருந்தன. 2008 இல் கெனன் நிறுவனம் 5டி மார்க் 2 என்ற புகைப்படக் கமராவை 2,699 டொலருக்கு அறிமுகப்படுத்தியது. அது முழு எச்டி வீடியோவும் எடுத்தது. பின்னணி மங்கி ஆள் மட்டும் துலங்கும் சினிமாத் தோற்றம் சாதாரணக் கல்யாண வீடியோவுக்கும் வந்துவிடவே, சில வருடங்களுக்குள் கசெட் கமராக்கள் அலுமாரிக்குப் போயின. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வீடியோ கசெட் ரெக்கோடர் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. அன்று பிடி150 உடன் வாங்கிய எக்ஸ்எல்ஆர் மைக் ஒன்று பழுதாகாமல் இருந்தால் இன்றைய புதிய கமராவிலும் அது வேலை செய்யும். அந்த நாள் ட்ரைபொட்டும் அப்படித்தான். பிடி150 ஐ இலவசமாகக் கொடுத்தாலும் வாங்குவதற்கு ஆளில்லை.

இதனுடன் எமது நாட்டின் நாணய நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 இன் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. 1,800 டொலர் பெறுமதியான கமராவுக்கு முன்பு 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா, சில மாதங்களில் அதே பொருளுக்கு 6 இலட்சத்து 48 ஆயிரம் ரூபா. சுங்க வரியும் கடைக்காரரின் இலாபமும் இக்கணக்கில் சேரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமாக உயர்ந்தது. இப்படியான நாட்டில் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருளில் பெருந்தொகையைப் போடுவது எவ்வளவு பொருத்தம் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சத்தம் கெட்டால் வேலை கெட்டது

படம் சற்று மங்கலாக இருந்தால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் பணம் தரமாட்டார். நிகாஹ் மஜ்லிஸையே எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை தாழ்ந்த குரலில் கபூல் சொல்லும் அந்தச் சில வினாடிகள் முழு வீடியோவிலும் பெறுமதியானவை. இரண்டாவது தடவை எடுக்க முடியாதவை. தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கின்றது, பின்னால் பிள்ளைகள் ஓடுகின்றார்கள், கமராவோ பதினைந்து அடி தூரத்தில் நிற்கின்றது. அக்கமரா பத்து இலட்சம் ரூபா பெறுமதியானதாக இருந்தாலும் அதிலுள்ள மைக் பிடிப்பது மின்விசிறியின் இரைச்சலைத்தான்.

இதற்குத் தேவையானது மாப்பிள்ளையின் நெஞ்சுக்கருகில் பொருத்தும் ஒரு சிறிய லேபல் மைக். வாய்க்கும் மைக்குக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு சாண் அளவாக இருந்தால் மலிவான மைக்கும் நன்றாகப் பிடிக்கும். தூரம் பதினைந்து அடியானால் விலையுயர்ந்த மைக்கும் கைவிட்டுவிடும். மைக் வாங்கும்போது விலையைவிட "வாய்க்கருகில் இதைக் கொண்டுபோக முடியுமா?" என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

வயர்லெஸ் மைக்குகள் இப்போது சாதாரண முதலீட்டுக்கு எட்டக்கூடியவையாகிவிட்டன. 2019 இல் றோட் நிறுவனத்தின் வயர்லெஸ் கோ வந்த பின்னர் பல நிறுவனங்கள் தீப்பெட்டி அளவான இரட்டை மைக்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்துள்ளன. இவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைபைக்கும் புளூடூத்துக்கும் அதே அலைவரிசைதான். ஐந்நூறு பேர் கைப்பேசியுடன் கூடும் மண்டபத்தில் இடையிடையே சத்தம் வெட்டுப்படக்கூடும். ஆகவே, மைக்கிலேயே சத்தத்தைப் பதிவுசெய்துகொள்ளும் வசதியுள்ள மாதிரியைத் தேடி வாங்குங்கள். தொடர்பு அறுந்தாலும் மைக்கிலுள்ள பதிவு தப்பும். 32 பிட் ஃபுளோட் என்ற முறையில் பதியும் சிறு ரெக்கோடர்களும் இருக்கின்றன. சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைத்து வைப்பதில் தவறு நேர்ந்தாலும் பின்னர் கணினியில் அதைச் சரிசெய்ய இம்முறை இடமளிக்கின்றது. ஆனால் மைக்கே தாங்காமல் உடைந்த சத்தத்தை எந்த முறையாலும் மீட்க முடியாது.

மைக்கைச் சட்டையில் குத்திவிட்டால் வேலை முடிந்ததென்று நினைக்கக்கூடாது. ஜுப்பாவின் துணி, ஷேர்வானியின் ஜரிகை, கழுத்தில் போடும் மாலை என்று எல்லாமே மைக்கில் உரசும். உடைக்குப் பொருந்தும் மருத்துவ டேப் ஒரு சுருள் பையில் இருக்கட்டும். காது முழுவதையும் மூடும் ஹெட்போன் ஒன்றும் அவசியம். பதியும்போது காதால் கேட்காமல் திரையில் ஆடும் கோட்டை மட்டும் பார்த்து வேலை செய்பவரிடம் உங்கள் வீட்டு வைபவத்தை ஒப்படைக்க வேண்டாம்.

பள்ளிவாசல் பயான்களையும் கூட்டங்களையும் பதிவுசெய்ய விரும்புவோர் ஒலிபெருக்கி மிக்ஸரிலிருந்து நேரடியாக வயர் எடுப்பதுண்டு. நல்ல முறைதான், ஆனால் இங்கேதான் பலர் இடறுகின்றார்கள். மிக்ஸரிலிருந்து வரும் லைன் சமிக்ஞை ஏறத்தாழ 1 வோல்ட் அளவானது. கமராவின் மைக் துவாரம் எதிர்பார்ப்பதோ வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். நேராகச் செருகினால் சத்தம் கிழிந்து போகும். இடையில் சமிக்ஞையைக் குறைக்கும் அட்டனுவேட்டர் வயர் போட வேண்டும், அல்லது லைன் துவாரமுள்ள ரெக்கோடரில் பதிய வேண்டும். இரண்டு பக்கமும் மின்சாரத்தில் இணைந்திருக்கும்போது எழும் "ம்ம்ம்" என்ற இரைச்சலை நீக்க ஐசலேட்டர் ஒன்று தேவைப்படும். பெரிய விலையில்லை. மிக்ஸரில் யாராவது ஒரு பொத்தானைத் திருப்பிவிட்டால் என்னாவது என்பதையும் யோசித்து, மிம்பருக்கருகில் தனியாக ஒரு ரெக்கோடரை ஓடவிடுவது இத்தொழிலில் அனுபவசாலிகளின் வழக்கம்.

50 ஹேர்ட்ஸ் விடயம்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கமராவில் மண்டபத்தின் டியூப் லைட்டுகள் படபடவென்று துடிப்பது போல் தெரிகின்றதென்று சிலர் முறையிடுவார்கள். கமரா பழுதில்லை. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்குள்ள விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் என்பதால் அங்கு விற்கும் கமரா செக்கனுக்கு 30 அல்லது 60 படங்கள் எடுக்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றது. மெனுவில் பால் முறைக்கு மாற்றி, 25 அல்லது 50 படங்கள், ஷட்டர் 50 இல் ஒன்று அல்லது 100 இல் ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் துடிப்பு நின்றுவிடும். மலிவான எல்ஈடி விளக்குகளின் டிம்மரைக் குறைக்கும்போது வரும் துடிப்பு வேறு வகை. அதற்கு டிம்மரை முழுதாகத் திறந்துவிட்டு லைட்டைத் தள்ளிவைப்பதே வழி.

லைட் வாங்கும்போது வொட்ஸ் கணக்கை மட்டும் பார்க்க வேண்டாம். சிஆர்ஐ என்ற நிறத் தரக் குறியீடு 95 அல்லது அதற்கு மேல் உள்ளதா என்று பாருங்கள். அது குறைந்தால் மணப்பெண்ணின் முகம் பச்சை பாய்ந்தது போலாகிவிடும், மருதாணி கறுத்துத் தெரியும். புடவைக் கடை விளம்பரமென்றால் இன்னும் மோசம். வாடிக்கையாளர் வீடியோவில் பார்த்த நிறம் ஒன்று, கடையில் பார்க்கும் நிறம் இன்னொன்று என்றாகி, பழி கடைக்காரரின் மேல் விழும். ஒரு சொப்ட்பொக்ஸுடன் இரண்டு எல்ஈடி லைட்டுகள் ஆரம்பத்துக்குப் போதுமானவை. லைட்டை இரண்டு மடங்கு தூரத்துக்குக் கொண்டுபோனால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும் என்ற கணக்கை மனதில் வைத்திருந்தால், பெரிய லைட் வாங்குவதற்குப் பதிலாக இருக்கும் லைட்டை ஆளுக்குக் கிட்டே கொண்டுவரத் தோன்றும்.

கடையில் வைத்துச் சொந்தப் பொருளுக்கு விளம்பரம் எடுக்க விரும்பும் சிறு வியாபாரிக்கு இந்த இரண்டு லைட்டும் ஒரு வயர்லெஸ் மைக்கும் கையிலிருக்கும் நல்ல கைப்பேசியும் தாராளமாகப் போதும். அவருக்குக் கமரா தேவையில்லை என்பதே என் கருத்து. பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் கைப்பேசித் திரையில் பார்க்கும் வீடியோவுக்காகப் பத்து இலட்சம் செலவிடுவது வீண்விரயமாகும்.

கமராவைத் தெரிவுசெய்யும்போது

பிறரிடம் கூலி வாங்கிச் செய்யும் தொழிலுக்குக் கமரா கட்டாயம் தேவை. கடைக்காரர் முதலில் பேசுவது 4கே, 6கே, 8கே என்றுதான். அதை ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டுவிட்டு வேறு சில கேள்விகளைக் கேளுங்கள்.

கார்ட் துவாரம் ஒன்றா, இரண்டா? இரண்டு கார்ட்டிலும் ஒரே நேரத்தில் பதியும் கமராவில் ஒரு கார்ட் செத்தாலும் கல்யாணம் தப்பும். ஒரேயொரு துவாரமுள்ள கமராவுடன் நிகாஹ் எடுக்கப் போவது பிரேக் ஒன்றில்லாமல் கடுகண்ணாவ ஏற்றத்தில் இறங்குவது போன்றது. சில சமயம் ஒன்றும் நடக்காது.

தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடும்? சில கமராக்கள் 29 நிமிடம் 59 செக்கனில் தானாக நின்றுவிடும். இதன் பின்னணியில் ஒரு சுங்க வரிக் கதை இருக்கின்றது, வியாபாரிகளுக்குச் சுவையாக இருக்கும். 30 நிமிடத்துக்கு மேல் பதியக்கூடிய கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் வரி விதித்து வந்தது. அந்த வரியைத் தவிர்க்கவே கம்பனிகள் ஒரு செக்கன் குறைவாக நிறுத்தின! பின்னர் அந்த வரி நீங்கியதால் புதிய மாதிரிகள் பலவற்றில் இவ்வரம்பு இல்லை. பழைய கமரா வாங்குவோர் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு மணித்தியால பயான் நடுவில் அறுந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

சூடு தாங்குமா? 2020 இல் வந்த கெனன் ஆர்5 உயர்ந்த தரத்தில் பதியும்போது சூடேறி நின்றுவிடுவது உலகெங்கும் பேசப்பட்டது. எமது காலநிலையில், குளிரூட்டி இல்லாத மண்டபத்தில், இது சாதாரண விடயமல்ல. விசிறி பொருத்தப்பட்ட சோனி எஃப்எக்ஸ்30 போன்ற கமராக்கள் இந்தக் குறையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 2022 இல் அது அறிமுகமானபோது உடல் பகுதியின் விலை 1,800 டொலர். கையில் முதல் குறைவென்றால் 2017 இல் வந்த பெனசொனிக் ஜிஎச்5 ஐப் பழையதாக வாங்குவதும் கௌரவமான தேர்வே. இரண்டு கார்ட் துவாரங்கள் உண்டு, நேர வரம்பில்லை. தானாகக் குவியம் பிடிப்பதில் அது பலவீனமானது. கையால் குவியம் பிடிக்கப் பழகியவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

10 பிட், லொக் என்பன பற்றியும் சொல்வார்கள். நிறத்தைக் கணினியில் திருத்தத் தெரிந்தவருக்கு அவை பெரும் பயன். தெரியாதவர் லொக்கில் எடுத்தால் வீடியோ முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

4கே யின் மறைமுகச் செலவையும் பார்க்க வேண்டும். செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 கிகாபைட். இரண்டு கமராக்களில் ஆறு மணித்தியாலம் எடுத்தால் 540 கிகாபைட், அதற்கொரு பிரதி எடுத்தால் 1,080. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு டெராபைட்டுக்கு மேல்! ஹார்ட் டிஸ்க்கின் விலையைக் கூலியில் சேர்க்காதவர் கையை விட்டுத்தான் கட்ட வேண்டும். மெமரி கார்ட் வி30 என்று குறிக்கப்பட்டிருந்தால் செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். மேற்சொன்ன வேகத்துக்கு அது போதும், அதைவிட விலையான கார்ட் தேவையில்லை. ஆனால் போலிக் கார்ட்டுகள் சந்தையில் தாராளம். 128 என்று எழுதியிருக்கும், உள்ளே 16 தான் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் ஒரு தடவை முழுதாக எழுதிப் பார்த்துவிட்டே வேலைக்குக் கொண்டுபோங்கள்.

மென்பொருள் விடயத்தில் திருட்டுப் பிரதியை நாடவேண்டிய தேவையும் இல்லை. பிளக்மெஜிக் நிறுவனத்தின் டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்பிலேயே ஒரு கல்யாண வீடியோவை வெட்டி, நிறம் திருத்தி, 4கே யில் வெளியிட முடியும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. ஹலாலான சம்பாத்தியம் தேடுவோருக்குச் சட்டத்துக்கு முன்னரே இவ்விடயத்தில் தயக்கம் வர வேண்டும்.

எங்கே, எப்படி வாங்குவது?

லைட், வயர், பற்றரி, ஸ்டாண்ட் போன்ற சில்லறைச் சாமான்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவைச் சுற்றிப் பார்க்கலாம். கணினிக்குப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா இருக்கின்றது. கமராவை மட்டும் முகவர் உத்தரவாதத்துடன் வாங்குவதா, டுபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பையில் வந்ததை வாங்குவதா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. பையில் வந்தது மலிவு. ஆனால் "கடை உத்தரவாதம்" என்பது அந்தக் கடை திறந்திருக்கும் வரைக்குமான வாக்குறுதிதான். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்படும் சோனி கமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற முடியாது. விலை குறைவாயிருப்பதன் இரகசியம் சில வேளை அதுதான்.

பழைய பொருள் வாங்குவதென்றால் பகல் வெளிச்சத்தில் போங்கள், கையில் ஒரு டோர்ச் லைட்டும் இருக்கட்டும். லென்ஸின் பின்னாலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் இருந்தால் தெரிந்துவிடும். ஈரப்பதன் மிகுந்த எமது நாட்டில், அதுவும் பேருவளை, கல்முனை போன்ற கடலோர ஊர்களில், லென்ஸின் முதல் எதிரி இந்தப் பூஞ்சணமே. 40 முதல் 50 சதவீத ஈரப்பதனில் வைக்கும் டிரை கெபினட் ஒன்று நல்லது, முடியாதவர் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். பழைய கமராவை உயர்ந்த தரத்தில் அரை மணித்தியாலம் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம். உடலிலுள்ள தொடர் இலக்கமும் பெட்டியிலுள்ளதும் ஒன்றா என்றும் பாருங்கள். திருட்டுப் பொருளாயின் பின்னர் பொலிஸ் நிலையத்துக்கு அலைவது வாங்கியவரே.

சொந்தமா, வாடகையா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காக மட்டும். 12 இலட்சம் ரூபாவுக்கு உபகரணம் வாங்கி நான்கு வருடத்தில் 3 இலட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொண்டால் தேய்மானம் 9 இலட்சம். 48 மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதமொன்றுக்கு 18,750 ரூபா. மாதம் ஐந்து வேலை வந்தால் ஒவ்வொன்றிலும் 3,750 ரூபா தேய்மானத்துக்குப் போகும். இரண்டே வேலையென்றால் 9,375 ரூபா. இதற்கு மேல் உதவியாளின் கூலி, வாகனம், ஹார்ட் டிஸ்க், எடிட்டிங்குக்கு உட்காரும் நாட்கள். "கைக்கு 40,000 வந்தது" என்று மகன் சொல்லும்போது அதில் உண்மையான இலாபம் எவ்வளவு என்பதை இக்கணக்கே சொல்லும்.

வாடகைக்கும் இதேபோல் பார்க்கலாம். 3 இலட்சம் ரூபா லென்ஸின் நாள் வாடகை 5,000 ரூபா என்போம். மாதம் இரண்டு நாள் மட்டுமே தேவையென்றால் வாங்கும் விலையை வாடகை எட்டுவதற்கு 30 மாதங்களாகும். வாங்கத் தேவையில்லை. மாதம் எட்டு நாள் தேவைப்பட்டால் ஏழெட்டு மாதத்தில் விலை வந்துவிடும், வாங்கிவிடலாம். ஜிம்பல், ட்ரோன், பெரிய லென்ஸ் என்பன ஆரம்பகாலத்தில் அநேகமாக வாடகைப் பக்கமே நிற்கும். மைக், லைட், ட்ரைபொட், கார்ட், பற்றரி என்பன ஒவ்வொரு வேலைக்கும் வேண்டியவை, ஆகவே சொந்தமாக இருக்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குக் கமராவையும் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பதில் வெட்கமொன்றுமில்லை. அந்த ஆறு மாத வேலைதான் எந்தக் கமரா தேவை என்பதைச் சொல்லித்தரும்.

பணத்துக்கு வட்டிக்கடனை நாட விரும்பாதோருக்கு முறாபஹா, இஜாரா வழிகள் உள்ளன. முறாபஹாவில் நிறுவனம் முதலில் பொருளைத் தான் வாங்கிச் சொந்தமாக்கிய பின்னர், இலாபத்தை வெளிப்படையாகச் சேர்த்துத் தவணைக்கு விற்கின்றது. அப்போது உத்தரவாதப் பத்திரம் உங்கள் பெயருக்கு வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தந்தை முதல் போட்டு மகன் உழைப்பதானால் அது முழாரபா. இலாபத்தை விகிதப்படி பிரிக்கலாம். மகன் கவனயீனமாக நடக்காத வரை, நட்டம் வந்தால் முதல் போட்டவருடையது, மகனுக்கு உழைப்பு நட்டம். வீட்டுக்குள்தானே என்று விடாமல் எழுத்தில் வைப்பது சிறந்தது. நானாவும் தம்பியும் ஒரு கமராவுக்காகப் பேச்சுவார்த்தையில்லாமல் இருக்கும் வீடுகள் இல்லாமலில்லை. தொழிற் கருவிகளுக்கு ஸகாத் இல்லையென்பதே உலமாக்களின் பொதுவான கருத்து. விற்பனைக்காகக் கமரா அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரருக்கு அச்சலுகை இல்லை.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிவுசெய்யாமலும் தேவையான அனுமதிகள் பெறாமலும் பறக்கவிடக்கூடாது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் ட்ரோன் பறப்பது முற்றாகவே நிறுத்தப்பட்டிருந்தது. அன்றைய சூழலில் எமது சமூகம் பட்ட சிரமங்களை அறிந்தவர்கள் அனுமதியில்லாத ட்ரோனை எந்த வலீமாவுக்கும் கொண்டுபோக மாட்டார்கள்.

பெண்கள் பகுதி

வீடியோவின் மார்க்கச் சட்டம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இப்பகுதியின் விடயமல்ல. ஆனால் எமது திருமணங்களில் பெண்கள் பகுதியைப் பெண்களே எடுக்க வேண்டுமென்ற கேள்வி வளர்ந்து வருகின்றது. அதற்கு முறையாகப் பயிற்சி பெற்ற சகோதரிகள் போதாமலிருக்கின்றார்கள். தொழில் ரீதியில் இது திறந்து கிடக்கும் ஒரு சந்தை. மகளுக்கு இதில் ஆர்வமிருந்தால் வாப்பாமார் மகனுடைய பட்டியலைப் போலவே அவளுடைய பட்டியலையும் வாங்கிப் பார்க்க வேண்டும். நெரிசலில் கையால் தூக்கிப் பல மணித்தியாலம் நிற்க வேண்டியிருப்பதால் பாரம் குறைந்த கமராவும், ஒற்றைக்கால் மொனோபொட்டும், பற்றரியில் இயங்கும் ஒரு சிறு லைட்டும் அவளுக்குப் பொருத்தம்.

அமானிதம் என்ற சொல்லுக்கு இவ்விடத்தில் நேரடியான தொழில்நுட்ப அர்த்தம் இருக்கின்றது. மெமரி கார்ட்டிலிருந்து அழித்த வீடியோவையும், சாதாரணமாக போர்மட் செய்த கார்ட்டிலிருந்த வீடியோவையும் மீட்டெடுக்கும் மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே பெண்கள் பகுதிக்குத் தனியான கார்ட்டுகள் இருக்க வேண்டும். அவற்றை எவருக்கும் இரவல் கொடுக்கக்கூடாது. கமராவை விற்கும்போது கார்ட்டுடன் விற்கக்கூடாது. எடிட் செய்யும் கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் கடவுச்சொல்லிட்டு என்கிரிப்ட் செய்திருக்க வேண்டும். விளம்பரத்துக்கென்று ஒரு செக்கன் காட்சியையேனும் வீட்டாரின் எழுத்துமூல அனுமதியின்றி வெளியிடக்கூடாது. வேலையை ஒப்படைத்து எத்தனை நாட்களின் பின்னர் பிரதிகள் அழிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, அந்த நாளில் கார்ட்டை வெற்றுத் தரவால் முழுதாக நிரப்பி மேலெழுதிய பின்னர், வீட்டாருக்கு ஒரு தகவலும் அனுப்பிவிட வேண்டும். இதைச் செய்து கொடுக்கும் ஸ்டூடியோ ஐயாயிரம் ரூபா கூடுதலாகக் கேட்டாலும் வீட்டார் பேரம் பேசமாட்டார்கள்.